வளாகம் காணச் செல்லும் மாணவர் எங்கே தங்குவது? – வாசகர் கேள்விகளும் பதில்களும்

சேர்க்கைக் காலம் நெருங்க நெருங்க, எந்தப் படிப்பில் சேர்வது என்ற கேள்விகளோடு, சேர்வதற்கு முன் அந்த இடத்தைப் பார்த்துவரச் செல்லும்போது எங்கே தங்குவது என்ற கேள்வியும் கடிதங்களில் வரத் தொடங்கிவிடுகிறது. பல்கலைக்கழகத்தை நேரில் பார்க்கவோ, நேர்முகத் தேர்வுக்கோ, ஆய்வு வழிகாட்டியைச் சந்திக்கவோ வெளியூர் செல்லும் மாணவர்களும் அவர்களுடைய பெற்றோரும் எழுதியவற்றுள், பலருக்கும் பயன்படக்கூடிய கடிதங்களுக்கு இந்த இதழில் விடையளிக்கிறேன்.

கேள்வி: என் மகள் மேற்படிப்புக்காக ஒரு பல்கலைக்கழகத்தை நேரில் பார்த்துவர விரும்புகிறாள். அந்த ஊரில் எங்களுக்குத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை. உடன் செல்லவும் என்னால் இயலாது. இரண்டு இரவுகள் தங்க வேண்டியிருக்கும். செலவும் கட்டுக்குள் இருக்க வேண்டும், அவளுக்குப் பாதுகாப்பாகவும் இருக்க வேண்டும். எங்கிருந்து தேடத் தொடங்குவது? – ஒரு தந்தை

பதில்: அந்தப் பல்கலைக்கழகத்திடம் கேட்பதிலிருந்தே தொடங்குங்கள். பெரும்பாலானோர் முதலில் கைபேசியைத் திறந்து முன்பதிவுத் தளங்களில் வாடகை குறைந்த அறைகளைத் தேடுகிறார்கள்; எதுவும் சரிவராத நிலையில்தான் சேர்க்கை அலுவலகத்தின் நினைவு வருகிறது. இந்த வரிசை தலைகீழாக இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. வளாகத்துக்குள் கிடைக்கும் இடம் பெரும்பாலும் வெளியே கிடைப்பதைவிட மலிவானது. அதைவிட முக்கியம், வாயிலில் காவலர் இருப்பார், வருபவரின் பெயர் பதிவேட்டில் ஏறும், ஏதேனும் நேர்ந்தால் பதில் சொல்லக் கடமைப்பட்ட ஒரு நிறுவனம் பின்னால் இருக்கும். மறுநாள் காலை செல்ல வேண்டிய கட்டடத்துக்கு நடந்தே போய்விடலாம் என்பதால் வாகனச் செலவும் மிச்சமாகும்.

வளாகத்துக்குள் இடம் பல வடிவங்களில் இருக்கலாம். வருகைதரு பேராசிரியர்களுக்கென விருந்தினர் இல்லம் இருக்கும். காலியாக இருக்கும் நாள்களில், துறையிலிருந்து ஒரு கடிதம் இருந்தால் மாணவருக்கும் அறை தருவார்கள். மாணவர் விடுதிகளிலேயே பெற்றோரும் விருந்தினரும் தங்குவதற்கென ஒன்றிரண்டு அறைகளை ஒதுக்கி வைத்திருப்பதும் உண்டு. விடுமுறைக் காலத்தில் மாணவர்கள் ஊருக்குப் போய்விடுவதால் விடுதி அறைகளை வெளியாருக்கு வாடகைக்கு விடும் வழக்கம் சில நாடுகளில் நன்கு வேரூன்றியிருக்கிறது. பிரிட்டனில் பல பல்கலைக்கழகங்கள் கோடை விடுமுறையில் இவ்வாறு செய்கின்றன. அமெரிக்கக் கல்லூரிகள் சிலவற்றில், சேர விரும்பும் மாணவரை அங்கே படிக்கும் ஒரு மாணவரின் அறையிலேயே ஓர் இரவு தங்கவைக்கும் ஏற்பாடு இருக்கிறது. வருமானம் குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்குப் பயணச் செலவையும் தங்கும் செலவையும் கல்லூரியே ஏற்றுக்கொள்ளும் திட்டங்களும் அங்கே உள்ளன. இவற்றில் பல, எல்லோருக்கும் தானாகக் கிடைப்பவை அல்ல. விண்ணப்பித்தவர்களுக்கே கிடைக்கும், அதற்கான கடைசி நாளும் வருகைக்குப் பல வாரங்களுக்கு முன்பே முடிந்துவிடும்.

ஆகவே, தேதி உறுதியானதும் உங்கள் மகளே சேர்க்கை அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் எழுதட்டும். வருகையின் நோக்கம், வந்து சேரும் நாளும் நேரமும், புறப்படும் நேரம், தனியாக வருகிறாள் என்பது, எவ்வளவு செலவழிக்க இயலும் என்பது ஆகிய அனைத்தும் அதில் தெளிவாக இருக்கட்டும். செலவு வரம்பைச் சொல்லப் பலர் தயங்குகிறார்கள், தயங்க வேண்டியதில்லை. கட்டணச் சலுகையோ உதவித்தொகையோ இருந்தால், தேவையைச் சொன்னவருக்கே அதைப் பற்றிச் சொல்வார்கள். மூன்று நான்கு வேலைநாள்களில் பதில் வராவிட்டால் தொலைபேசியில் கேளுங்கள். வளாகத்தில் இடமில்லை என்று சொன்னால் அத்துடன் உரையாடலை முடித்துக்கொள்ளாமல், "உங்களிடம் வரும் தேர்வர்களும் விருந்தினர்களும் வழக்கமாக எங்கே தங்குகிறார்கள்?" என்று கேளுங்கள். ஆண்டுதோறும் பலரை வரவேற்கும் அலுவலகத்தாருக்கு எந்த விடுதி நல்லது, எந்தத் தெருவில் இரவில் ஆள் நடமாட்டம் இருக்காது என்பதெல்லாம் தெரியும். துறையில் தற்போது படிக்கும் மாணவி ஒருவருடன் பேச ஏற்பாடு செய்ய முடியுமா என்றும் கேட்கலாம். இணையத்தில் உள்ள நூறு மதிப்புரைகளைவிட, அந்த வழியாகத் தினமும் நடந்து செல்லும் ஒரு மாணவி சொல்லும் சொல்லுக்கு நான் அதிக மதிப்புக் கொடுப்பேன்.

கேள்வி: வளாகத்தில் இடமில்லை. பல்கலைக்கழகத்துக்கு அருகே உள்ள விடுதியின் வாடகையில் பாதிதான் நகரின் மறுகோடியில் உள்ள விடுதியில் கேட்கிறார்கள். மலிவானதையே எடுத்துவிடலாம் என்று நினைக்கிறேன். சரிதானே? – முதுகலை சேர விரும்பும் மாணவர்

பதில்: கணக்கை முழுமையாகப் போட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். தளத்தில் பெரிய எழுத்தில் காட்டப்படும் தொகையில் வரி பெரும்பாலும் சேர்ந்திருக்காது. சில ஊர்களில் தங்குபவர் தலைக்கு இத்தனை என்று தனி வரியும் உண்டு. போர்வை, துண்டு, பெட்டியை வைத்துக்கொள்ளும் அலமாரி ஆகியவற்றுக்குத் தனிக் கட்டணம் வாங்கும் இடங்களும் உள்ளன. பணம் கட்டும் கடைசித் திரை வரை சென்று, மொத்தத் தொகையைப் பார்த்து, அங்கிருந்து ஒப்பிடத் தொடங்குங்கள். அதனுடன் வளாகத்துக்குப் போய்வரும் செலவைச் சேர்த்துக்கொள்ளுங்கள். பகலில் பேருந்தில் போய்வருவதற்கான செலவை மட்டும் கணக்கிட்டால் போதாது. நிகழ்ச்சி நீண்டு, கடைசிப் பேருந்து போய்விட்டால் வாடகை வண்டிக்கு என்ன ஆகும் என்பதையும் பாருங்கள். இப்படிக் கூட்டிப் பார்த்தால் தொலைவில் உள்ள மலிவான அறையின் ஆதாயம் பல நேரங்களில் கரைந்துவிடும்.

தொலைவை அளக்கும்போதும் கவனம் தேவை. "பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு கிலோமீட்டர்" என்று விளம்பரத்தில் இருப்பது பெரும்பாலும் நேர்கோட்டுத் தொலைவு. இடையே ரயில் பாதையோ ஆறோ இருந்தால் நடக்க வேண்டிய தூரம் இரு மடங்காகலாம். மேலும், பெரிய பல்கலைக்கழகங்களுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட வளாகங்கள் இருக்கும்; உங்கள் துறை எந்த வளாகத்தில், எந்த வாயிலுக்கு அருகே இருக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டு, அந்த வாயிலின் பெயரை வரைபடத்தில் இட்டு, நடைப்பாதையைக் கேட்டுப் பாருங்கள். தெருக்காட்சிப் படங்கள் கிடைக்கும் ஊரானால், நடைபாதை இருக்கிறதா, தெருவிளக்குகள் இருக்கின்றனவா என்பதையும் வீட்டிலிருந்தே பார்த்துவிடலாம்.

தேதியை மாற்றிக்கொள்ள வாய்ப்பிருந்தால் அதிலேயே பெரும் சேமிப்பு இருக்கிறது. பட்டமளிப்பு விழா, புதிய மாணவர் வருகை, பெரிய விளையாட்டுப் போட்டி ஆகியவை நடக்கும் வாரத்தில் வளாகத்தைச் சுற்றியுள்ள அறைகள் நிறைந்து வாடகையும் ஏறிவிடும். பல்கலைக்கழகத்தின் கல்வி நாள்காட்டியைத் திறந்து அந்த வாரங்களைத் தவிருங்கள். நல்ல விடுதி ஒன்றைத் தளத்தில் கண்டதும், அதன் எண்ணுக்கு நேரடியாகப் பேசி, மாணவர் என்று சொல்லி, நேரில் பதிவு செய்தால் என்ன வாடகை என்று கேட்டுப் பாருங்கள். தளத்துக்குக் கொடுக்க வேண்டிய தரகு இல்லாததால் சிலர் குறைத்துத் தருவார்கள். குறைக்காவிட்டாலும், எடுத்துப் பேசுபவர் எப்படிப் பேசுகிறார் என்பதிலிருந்து அந்த இடத்தைப் பற்றி ஓரளவு புரிந்துவிடும்.

கேள்வி: பலர் ஒரே அறையில் படுக்கும் இளைஞர் விடுதிகளில் வாடகை மிகக் குறைவு என்கிறார்கள். முன்பின் தெரியாதவர்களோடு தங்குவது பாதுகாப்பானதுதானா? – ஒரு மாணவி

பதில்: நன்றாக நடத்தப்படும் இளைஞர் விடுதி, ஆளரவமற்ற மலிவு விடுதியின் தனியறையைவிடப் பாதுகாப்பானது என்பது என் எண்ணம். அங்கே வரவேற்பு மேசையில் ஆள் இருப்பார். பொது அறையில் எப்போதும் நான்கு பேர் உட்கார்ந்திருப்பார்கள். ஒருவர் கூப்பிட்டால் இன்னொருவர் காதில் விழும்.

இத்தகைய விடுதிகள் மாணவர்களுக்காகவே தோன்றியவை. ஜெர்மனியில் ரிச்சர்ட் ஷிர்மான் என்ற பள்ளி ஆசிரியர், மாணவர்களோடு நெடுநடைப் பயணம் சென்றபோது புயல் மழையில் சிக்கி ஒரு பள்ளிக்கூடத்தில் ஒதுங்கிய 1909-ஆம் ஆண்டு அனுபவத்திலிருந்து, விடுமுறையில் பூட்டிக் கிடக்கும் இடங்களில் மாணவர்களைத் தங்கவைக்கலாம் என்ற எண்ணம் பிறந்தது. 1912-இல் அல்டீனா கோட்டையில் முதல் நிரந்தர இளைஞர் விடுதி உருவானது. 1932-இல் பல நாட்டு இளைஞர் விடுதிச் சங்கங்கள் ஒன்றுகூடி அமைத்த பன்னாட்டுக் கூட்டமைப்பு இன்றும் இயங்குகிறது. 1844-இல் லண்டனில் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ.வும், அதே நகரில் 1855-இல் தோன்றிய ஒய்.டபிள்யூ.சி.ஏ.வும் வேலைக்காகவும் பிற காரணங்களுக்காகவும் வெளியூர் வரும் இளைஞர்களை மனத்தில் வைத்துத் தொடங்கப்பட்டவை. பல நகரங்களில் அவற்றின் கிளைகள் இன்றும் தங்குமிடம் நடத்துகின்றன. நீங்கள் செல்லும் ஊரில் இவற்றின் கிளை உண்டா என்று முதலில் பாருங்கள்.

பெயர் நல்லதாக இருந்தாலும் அந்தக் குறிப்பிட்ட கட்டடத்தைப் பற்றி விசாரிக்காமல் விட வேண்டாம். பெண்களுக்கென்றே தனி அறை உண்டா, கழிப்பறையும் குளியலறையும் அதே தளத்தில் பெண்களுக்குத் தனியாக உள்ளனவா, வரவேற்பில் இரவு முழுதும் ஆள் இருப்பாரா, அறைக் கதவு தங்குபவர்களின் சாவிக்கோ அட்டைக்கோ மட்டும் திறக்குமா என்று கேளுங்கள். பெட்டகத்துக்குப் பூட்டு தருவார்களா என்றும் கேட்டு, எதற்கும் சொந்தப் பூட்டு ஒன்றை எடுத்துச் செல்லுங்கள். சான்றிதழ்களின் மூலப்படிகள், பணம், கைபேசி ஆகியவை தூங்கும்போதும் குளிக்கும்போதும் அந்தப் பெட்டகத்திலோ உங்கள் கையிலோ இருக்க வேண்டும். மறுநாள் நேர்முகத் தேர்வு என்றால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: பத்துப் பேர் வந்துபோகும் அறையில் எல்லோருக்கும் உறக்கம் வராது. இலேசான சத்தத்துக்கே விழிப்பவரானால், அந்த ஓர் இரவுக்கு மட்டும் அதே விடுதியில் தனியறை எடுப்பது நியாயமான செலவு.

கேள்வி: பல்கலைக்கழகத்துக்கு எதிரிலேயே ஓர் அடுக்ககத்தில் அறை இருப்பதாகச் சமூக வலைத்தளத்தில் ஒரு விளம்பரம் பார்த்தேன். படங்கள் மிக அழகாக இருக்கின்றன, வாடகையும் குறைவு. "இன்னும் இருவர் கேட்கிறார்கள், இன்றே முன்பணம் அனுப்பினால் உங்களுக்கு ஒதுக்குகிறேன்" என்கிறார் உரிமையாளர். அனுப்பலாமா? – அவசரத்தில் இருக்கும் ஒரு வாசகர்

பதில்: அனுப்பாதீர்கள். சுற்றிலும் உள்ள அறைகளைவிட வெகுவாகக் குறைந்த வாடகை, கண்ணைக் கவரும் படங்கள், இன்றே கட்ட வேண்டும் என்ற நெருக்கடி ஆகிய மூன்றும் சேர்ந்து வந்தால் அது மோசடியாக இருக்கும் வாய்ப்பு மிக அதிகம். நேர்மையான உரிமையாளருக்கும் முன்பணம் தேவைப்படலாம், மறுக்கவில்லை. ஆனால் அவர் நீங்கள் விசாரிப்பதற்கு ஒரு நாள் அவகாசம் கொடுப்பார்.

அந்த அவகாசத்தில் செய்ய வேண்டியவை எளியவை. விளம்பரப் படத்தைத் தேடுபொறியின் படத்தேடலில் இட்டுப் பாருங்கள். அதே படம் வேறொரு நகரத்து அறையாகவோ, வீட்டு அலங்கார நிறுவனம் ஒன்றின் மாதிரிப் படமாகவோ தோன்றினால் அத்துடன் விலகிவிடுங்கள். முழு முகவரியைக் கேட்டு வரைபடத்தில் சரிபாருங்கள். காணொளி அழைப்பில் வந்து, தெருவாசலிலிருந்து அறை வரை நடந்து காட்டச் சொல்லுங்கள். பதிவு செய்து வைத்த காணொளியை அனுப்புவது இதற்கு ஈடாகாது. உங்கள் கண்முன்னே சன்னலைத் திறந்து எதிரில் உள்ள பல்கலைக்கழக வாயிலைக் காட்டட்டும். வெளியூரில் இருக்கிறேன், உடல்நலமில்லை, சாவி உறவினரிடம் இருக்கிறது என்று காரணங்கள் அடுக்கப்பட்டால் அதுவே உங்களுக்கான விடை. உங்களுக்காக நேரில் சென்று பார்க்கக்கூடிய மாணவர் ஒருவரைத் துறை வழியாகத் தேட முடிந்தால் இன்னும் நல்லது.

பணம் கட்டும் வழியும் மிக முக்கியம். முன்பதிவுத் தளத்தில் தொடங்கிய பேச்சைத் தனிப்பட்ட செயலிக்கு மாற்றி, தளத்துக்கு வெளியே தனிநபர் கணக்குக்குப் பணம் கேட்டால் மறுத்துவிடுங்கள். தளத்துக்கு வெளியே கொடுத்த பணத்துக்குத் தளம் பொறுப்பேற்காது. கணக்கிலிருந்து கணக்குக்கு நேரடியாக அனுப்பிய பணத்தைத் திரும்பப் பெறுவது கடினம். கடன் அட்டையில் கட்டியிருந்தால் வங்கியிடம் முறையிட ஒரு வழியாவது இருக்கும். பணம் பெறுவதற்காக என்று சொல்லி யாராவது உங்களிடம் ரகசிய எண்ணையோ ஒருமுறைக் கடவுச்சொல்லையோ கேட்டால், அந்த அழைப்பை அப்போதே துண்டியுங்கள்.

அடையாள அட்டையின் நகலைக் கேட்பவர்களிடமும் எச்சரிக்கை தேவை. முறையான விடுதி வந்து சேரும் நாளில் அட்டையைப் பார்த்துப் பதிவு செய்யும். அது பல நாடுகளில் சட்டப்படி கட்டாயம். அறையே உறுதியாகாத நிலையில், முன்பின் தெரியாத ஒருவருக்கு நகலை அனுப்பக் காரணமில்லை. அனுப்பியே தீர வேண்டிய இடமானால், எந்த விடுதியில் எந்த நாளில் தங்குவதற்காக என்பதை நகலின் குறுக்கே எழுதி அனுப்புங்கள். வேறு காரியத்துக்கு அதைப் பயன்படுத்துவது கடினமாகும்.

ஏற்கெனவே பணம் அனுப்பிவிட்டு இதைப் படிக்கும் வாசகர் யாராவது இருந்தால், வெட்கப்பட்டு யாரிடமும் சொல்லாமல் இருந்துவிடாதீர்கள். உடனே வங்கிக்கும், பிறகு காவல்துறைக்கும், விளம்பரம் வந்த தளத்துக்கும் தெரிவியுங்கள். முதல் சில மணி நேரத்துக்குள் வங்கிக்குச் சொன்னால் பணத்தை நிறுத்தி வைக்க வாய்ப்பு உண்டு. குறுஞ்செய்திகளையும் பணம் அனுப்பிய சான்றையும் அழிக்காமல் வைத்திருங்கள்.

கேள்வி: என் மகனுக்கு இன்னும் பதினெட்டு வயது நிறையவில்லை. தனியாக அறை தருவார்களா? – ஒரு தாய்

பதில்: பல விடுதிகள் தரமாட்டார்கள், இளைஞர் விடுதிகளிலும், பெரியவர் துணையில்லாத சிறுவர்களைப் பொது அறையில் அனுமதிக்காத இடங்கள் நிறைய உள்ளன. தளத்தில் முன்பதிவு ஏற்கப்பட்டுவிட்டது என்பதால் வாசலில் அனுமதிப்பார்கள் என்று எண்ண வேண்டாம். வயதைச் சொல்லி, பெற்றோரின் ஒப்புதல் கடிதம் போதுமா என்று விடுதியிடம் எழுத்தில் கேட்டு, பதிலைக் கைபேசியில் வைத்திருக்கச் சொல்லுங்கள். நீங்கள் உங்கள் பெயரிலும் உங்கள் அட்டையிலும் பதிவு செய்தால் இன்னொரு சிக்கல் எழலாம்: தங்குபவரின் பெயர் வேறாக இருந்தாலோ, பணம் கட்டிய அட்டையை நேரில் காட்டச் சொன்னாலோ அவர் வாசலில் நிற்க வேண்டியிருக்கும். தங்குபவர் பெயர் என்ற கட்டத்தில் மகனுடைய பெயர், அடையாள அட்டையில் உள்ள எழுத்துகளிலேயே இருக்கட்டும். இத்தகைய மாணவருக்கு நான் முதலில் பரிந்துரைப்பது பல்கலைக்கழகமே நடத்தும் ஏற்பாட்டைத்தான். அது இல்லையென்றால், பெரியவர் ஒருவர் உடன் செல்வதே நல்லது.

கேள்வி: அறைக்குள் நுழைந்ததும் என்னவெல்லாம் பார்க்க வேண்டும்? இரவு பத்து மணிக்குமேல்தான் போய்ச் சேருவேன். – முதன்முறையாகத் தனியே பயணம் செய்யும் மாணவி

பதில்: இரவில் சேர்வதாக இருந்தால் வேலை அறைக்கு வெகு முன்பே தொடங்குகிறது. சிறிய விடுதிகளில் வரவேற்பு மேசை இரவில் மூடப்பட்டுவிடும். புறப்படுவதற்கு முந்தைய நாளே பேசி, வந்துசேரும் நேரத்தைச் சொல்லி, வண்டி தாமதமானாலும் கதவு திறக்க ஆள் இருப்பார் என்பதை உறுதி செய்யுங்கள். முன்பதிவு அவர்கள் பதிவேட்டில் இருக்கிறதா என்பதையும் அதே அழைப்பில் கேட்டுவிடலாம். முடிந்தால் பகலில் சேரும் வண்டியையே தேர்ந்தெடுங்கள். அதற்குக் கட்டணம் சற்றுக் கூடுதலானாலும் அறியாத ஊரில் அது பெரும் நிம்மதி.

பதிவு செய்யும்போது அறை எண்ணை உரக்கச் சொல்லாமல் எழுதித் தரும்படி கேட்கலாம். தெருவிலிருந்து எளிதில் ஏறக்கூடிய சன்னல் உள்ள தரைத்தளமும், தீ விபத்து நேர்ந்தால் ஏணி எட்டாத உயரத் தளங்களும் வேண்டாம். இடைப்பட்ட தளம் ஒன்றைக் கேளுங்கள். அறைக்குள் போனதும் பெட்டியைப் பிரிப்பதற்கு முன் கதவின் தாழ்ப்பாள், சன்னல் கொக்கி, பக்கத்து அறைக்கு இணைப்புக் கதவு இருந்தால் அதன் பூட்டு ஆகியவற்றை இழுத்துப் பாருங்கள். தாழ்ப்பாள் சரியில்லை என்றால் கூச்சப்படாமல் வேறு அறை கேளுங்கள். உள்நோக்கித் திறக்கும் கதவானால், அடியில் செருகும் ரப்பர் ஆப்பு ஒன்றை எடுத்துச் சென்றால் அதுவும் கைகொடுக்கும்.

பின்பு வெளியே வந்து அவசர வழிப் படிக்கட்டு எங்கே என்று நடந்து பாருங்கள். உங்கள் அறைக்கும் அந்தப் படிக்கட்டுக்கும் இடையே எத்தனை கதவுகள் என்று எண்ணி நினைவில் வையுங்கள். புகை சூழ்ந்தால் எதுவும் தெரியாது, சுவரைத் தடவிக் கதவுகளை எண்ணித்தான் போக வேண்டியிருக்கும். அந்த வழி பூட்டியிருந்தாலோ மூட்டைகள் அடைத்திருந்தாலோ அங்கே தங்க வேண்டாம் என்றே சொல்வேன். மலிவு விடுதிகளைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் திருட்டையே நினைக்கிறார்கள். தீயையும் நச்சு வாயுவையும் மறந்துவிடுகிறார்கள். குளியலறைக்குள் எரிவாயுவில் இயங்கும் வெந்நீர்க் கலன் இருந்து, காற்றுப்போக்கி இல்லாமல் இருந்தால் அதைப் பயன்படுத்தாதீர்கள். அதிலிருந்து வெளியாகக்கூடிய கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலைவலியும் தலைச்சுற்றலுமாகத் தொடங்கி, எழுந்து கதவைத் திறக்கும் வலுவையே பறித்துவிடும்.

விடுதியின் பெயர், முகவரி, தொலைபேசி எண், அறை எண் ஆகியவற்றை வீட்டில் ஒருவருக்கும் பல்கலைக்கழகத்தில் உங்கள் தொடர்பில் உள்ள ஒருவருக்கும் அனுப்பிவிடுங்கள். கைபேசியின் மின்சக்தி தீர்ந்துவிட்டாலும் பயன்படும்படி முகவரியை ஒரு தாளில் எழுதிச் சட்டைப்பையிலோ கைப்பையிலோ வைத்திருங்கள். எவ்வளவு சோதித்தாலும் இடம் மனத்துக்குச் சரியாகப் படவில்லையென்றால், கட்டிய பணம் போனாலும் போகட்டும் என்று வெளியேறிவிடலாம். அதற்காகவே ஓர் இரவு வாடகைக்கான தொகையைத் தொடாமல் தனியே வைத்திருப்பது நல்லது.

கேள்வி: சித்தப்பாவின் நண்பர் குடும்பம் அந்த ஊரில் இருக்கிறது. அங்கே தங்கிக்கொள் என்கிறார்கள். வாடகை மிச்சம்தானே? – ஒரு மாணவர்

பதில்: அந்தக் குடும்பத்தை உங்கள் பெற்றோர் நேரில் அறிந்திருந்தால் தாராளமாகத் தங்குங்கள், வீட்டாரிடம் உங்கள் பெற்றோர் ஒருமுறை நேரடியாகப் பேசிவிடட்டும். யாரும் அறியாத, தெரிந்தவருக்குத் தெரிந்தவரின் வீடு என்றால் விடுதியே மேல். ஒரு வீட்டில் தங்கும்போது, சங்கடமாக உணர்ந்தாலும் எழுந்து வெளியேறுவது எளிதன்று. மரியாதைக்காகப் பொறுத்துக்கொள்ளும் பிள்ளைகளே அதிகம்.

கேள்வி: நேர்முகத் தேர்வுத் தேதி மாறக்கூடும் என்கிறார்கள். இப்போதே அறை எடுப்பதா, பொறுத்திருப்பதா? – ஆய்வு மாணவர்

பதில்: இப்போதே எடுங்கள், கட்டணமின்றி ரத்து செய்யக்கூடிய அறையாகப் பார்த்து எடுங்கள். பணம் திரும்பத் தரப்படாத முன்பதிவு சற்று மலிவாக இருக்கும். தேதி உறுதியாகாதவர் அந்தச் சிறு தள்ளுபடிக்காக முழு வாடகையையும் இழக்க நேரிடும். இலவசமாக ரத்து செய்வதற்கான கடைசி நாளும் நேரமும் எது, அது எந்த ஊரின் நேரம் என்பதைப் பார்த்து, அதற்கு ஒரு நாள் முன்பாகக் கைபேசியில் நினைவூட்டல் வைத்துவிடுங்கள். ரத்து செய்தால் அதற்கான உறுதிச் செய்தியைப் பத்திரப்படுத்துங்கள். இன்னொன்று: அறையில் சேரும் நேரம் பெரும்பாலும் பிற்பகலாகவும், காலி செய்யும் நேரம் முற்பகலாகவும் இருக்கும். காலை ஏழு மணிக்கு ஊர்போய்ச் சேர்ந்து பத்து மணிக்குத் தேர்வறையில் இருக்க வேண்டியவர், முன்னதாக அறைக்குள் நுழைய முடியுமா, முடியாவிட்டால் பெட்டியை வைத்துவிட்டுக் குளித்து உடைமாற்ற இடம் தருவார்களா என்று கேட்ட பிறகே பணம் கட்ட வேண்டும். இடம் தர இயலாது என்றால் முந்தைய இரவையும் சேர்த்துப் பதிவு செய்வதா, பயணிகள் குளித்து உடைமாற்றும் வசதி உள்ள நிலையத்தில் இறங்குவதா என்பதை உங்கள் வண்டியின் நேரத்தை வைத்து முடிவு செய்துகொள்ளலாம்.